சாவிகள் குலுங்கினால் எழுந்து போகிறவர்

ரெய்னோ ஹைட்டலா பத்தொன்பது வருடம் காப்பர் ஃபோர்க் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியின் பஸ்ஸை ஓட்டினார். வெளியூர் ஆட்டங்களில் அவர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் ஒன்றும் பெரிதில்லை. காப்பர் ஃபோர்க் வெளியூரில் ஜெயித்ததே அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் பனிக்கட்டி அரங்கம் இருக்கும் ஊருக்கெல்லாம் ஒரு சத்தம் உண்டு. ஒரு ஊரில் மாட்டுமணி. இன்னொரு ஊரில் பலகைச் சுவரைப் பூட்ஸ் காலால் உதைப்பார்கள். லேக் டன்பாரில் உள்ளூர் அணி கோல் போட்டால் பழைய தீயணைப்பு வண்டியின் சைரன் அலறும்; பிறகு மூவாயிரம் பேரும் எதிரணி கோல்கீப்பரை நோக்கி விரலை நீட்டி, அவன் விட்ட கோல்களை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி, "சல்லடை! சல்லடை!" என்று முடிப்பார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவான சத்தம் ஒன்று இருக்கிறது. ஆட்டம் முடியப் போகிறது, வந்தவர்கள் தோற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கும். வண்டியைக் கிளப்புங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம்.

அதை எல்லோரும் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆட்டக்காரர்களுக்கு முகம் சிவக்கும். ரெய்னோ ஒருவருக்கு மட்டும் அது வேலை. சாவிகள் குலுங்கியதும் தொப்பியை மாட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலைப் பிடித்தபடி படியேறி வெளியே போய் நிஜமாகவே வண்டியைக் கிளப்புவார். டீசல் வண்டி, கிழட்டு வண்டி, உள்ளே சூடு ஏற இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஆட்டம் முழுக்க ஓடவிடலாம் என்றால் புகை அரங்கத்துக்குள் போகிறது என்று காவல்காரர்கள் ஓடிவருவார்கள். ஜெயித்தவர்கள் ஒரு மணி நேரம் உள்ளேயே கிடந்து கும்மாளம் போடுவார்கள், அவர்களுக்கு அவசரமில்லை. தோற்றவர்கள் குளிக்காமல்கூட வந்து ஏறிவிடுவார்கள். தோற்றுப்போய், வியர்வையோடு, ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும் பஸ்ஸில் ஏறுவது மனிதனுக்கு வரக்கூடாத கஷ்டம் என்பது ரெய்னோவின் கட்சி.

சத்தத்துக்குக் கட்டுப்படுவது அவருக்குப் பழகிப்போன விஷயம். பஸ்ஸுக்கு வருவதற்கு முன்னால் செம்புச் சுரங்கத்தில் தூக்கி இயந்திரத்தை ஓட்டினார். நாலாயிரம் அடி கீழே இருப்பவர்களை அவர் பார்க்க முடியாது. மணிதான். ஒரு மணி அடித்தால் நிறுத்து. மூன்று அடித்தால் ஆள் ஏறியிருக்கிறார்கள், பார்த்து இழு. பதினெட்டு வருடம் ஒரு மணியைக்கூட அவர் தவறவிட்டதில்லை, ஏன் அடித்தார்கள் என்று கேட்டதுமில்லை. சுரங்கத்தை மூடியபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கப்புறம் மணிக்குப் பதில் சாவி.

வீட்டில் இதற்கென்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. ஆட்டம் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது, மனைவி லெம்பி சமையலறையில் இருந்தபடியே கேட்பார்.

"வண்டி சூடாச்சா?"

"சூடாச்சு."

தோற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். லெம்பி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அடுப்பிலிருந்து இறைச்சி அடைத்த பேஸ்டியை எடுத்து வைப்பார். அந்தக் கேள்வியும் பதிலும் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

1988 பிப்ரவரியில் லெம்பியின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி நூறு மைல் தள்ளி. விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஞாயிறு மதியம் லேக் டன்பாரில் ஆட்டம். வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி ரெய்னோ கேட்டார். இருந்த ஒருவனும் இடுப்பு பிடித்துப் படுத்திருந்தான். சரி, மூன்றரைக்கு ஆட்டம் முடியும், மூன்று மணி நேர ஓட்டம், ஏழு மணிக்கு வீட்டில் இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார். தங்கையை வரச் சொல்லியிருக்கிறேன், நீ போய்விட்டு வா என்றார் லெம்பி. ஆனால் வாசல்வரை வந்து, வழக்கத்துக்கு மாறாக அவருடைய கோட் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"எங்கயாவது நின்னுடாத ரெய்னோ. நான் தனியா அங்க போக மாட்டேன்."

நிற்கமாட்டேன் என்று ரெய்னோ சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அன்று அவர் மனதில் வேறு எதுவும் இல்லை.

லேக் டன்பாரில் இறங்கும்போது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. பேட்டரி வேறு ஒரு வாரமாகச் சரியில்லை. இது போதாது என்று, சாமான் இறக்கும் இடத்தில் கோச் டேல் பிரிஸ்கோ அவரைத் தனியாகக் கூப்பிட்டார். பிரிஸ்கோ அந்த வருடம் புதிதாக வந்தவர், முப்பத்துமூன்று வயது, எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிற ஆள். அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க ரெய்னோ. சாவி சத்தம் கேட்டதும் நீங்க எந்திரிச்சுப் போறீங்க. எதிர்ல பெஞ்ச்ல உக்காந்திருக்கிற என் பசங்க அதைத்தான் பாக்கிறாங்க. உங்க தொப்பி படியேறுறதப் பாத்ததும் அவனுங்களுக்குக் கை கால் ஓட மாட்டேங்குது. இன்னிக்குக் கடைசி மணி அடிக்கிறவரைக்கும் எந்திரிக்காதீங்க."

குளிரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் ரெய்னோ எடுத்துச் சொன்னார். லெம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் விட்டிருப்பார். ஆனால் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லி இரக்கம் வாங்குவது ரெய்னோவுக்குப் பிறவியிலேயே வராது. பிரிஸ்கோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்றைக்கும் எழுந்தால் அடுத்த சீசனுக்கு வேறு டிரைவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்றார். அதைக் கேட்டு ரெய்னோவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மூலையில் அப்பாடா என்றுகூட இருந்தது. அறுபத்தொரு வயதுக்கு எத்தனை பனிச்சாலை வேண்டும்?

ஆட்டம் வழக்கம்போலத்தான் போனது. காப்பர் ஃபோர்க்கின் பெயர்களை அறிவித்தபோது உள்ளூர்க்காரர்கள், இவர்களைப் பார்க்கவே விருப்பமில்லை என்பதுபோல, செய்தித்தாளை விரித்துப் பிடித்துச் சடசடவென்று ஆட்டினார்கள். சைரன் நாலு முறை அலறியது. கோல்கீப்பர் லியோ டெசார்மோ, கனடாக்காரன், நல்ல பையன், ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டு "சல்லடை"யை முதுகில் வாங்கிக்கொண்டான். நாலுக்கு இரண்டு. கடைசிப் பகுதியில் ஏழு நிமிடம் மிச்சம் இருக்கும்போது எங்கோ மேல் வரிசையில் ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. பிறகு பத்து. பிறகு கூரை முழுக்க அதே சத்தம்.

ரெய்னோவின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. எதிரே பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பிரிஸ்கோ ஆட்டத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெய்னோ தொப்பியை மடியில் வைத்தார். ஒரு நிமிடம் போயிற்று. அவர் கண்ணில் ஆட்டம் ஏறவில்லை. பனியில் உறைந்து நிற்கிற எஞ்சின், கரகரத்து அடங்கிப்போகிற ஸ்டார்ட்டர், சமையலறையில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற லெம்பி, இவைதான் தெரிந்தன. வண்டி இங்கே நின்றுவிட்டால் நாளைக்கு அவளைத் தங்கைதான் கூட்டிப்போக வேண்டும். தங்கைக்குப் பனியில் ஓட்டத் தெரியாது.

அவர் எழுந்தார். யாரையும் பார்க்காமல் படியேறினார். ஆனால் பெஞ்சிலிருந்தும், அந்தக் கோடியில் கோல் வலை முன்னால் நின்ற லியோவின் முகமூடிக்குள்ளிருந்தும் பார்வை தன் முதுகில் விழுவது அவருக்குத் தெரிந்தது.

பின்கதவில் மெர்வின் இருந்தார். லேக் டன்பாரின் வாசல்காரர், பத்து வருடமாக இவருக்குக் கதவு திறந்துவிடுகிறவர்.

"என்னய்யா, இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட்டு? நீ போய்ச் சேந்துட்டியோன்னு பாத்தேன்."

"உன்னத் தனியா விட்டுட்டுப் போவேனா?" என்று சொல்லிவிட்டு ரெய்னோ குளிருக்குள் இறங்கினார்.

முதல் முறை எஞ்சின் முனகியது. இரண்டாவது முறை அதுவும் இல்லை. ரெய்னோ கையுறையைக் கழற்றி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, நூறுவரை எண்ணினார். மூன்றாவது முறை இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

தகரச் சுவருக்கு அப்பால் சாவிகள் குலுங்கிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருடமாக ஆட்டங்களின் முடிவு அவருக்கு இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது, சுவர் வழியாக. சைரன் என்றால் இன்னொரு கோல். பாண்டு வாத்தியம் என்றால் ஆட்டம் நின்றிருக்கிறது. இன்னும் பத்து நிமிடத்தில் குட்டையான ஒரு மணி, பிறகு ஆரவாரம்.

சாவிச் சத்தம் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை, கத்தரித்ததுபோல நின்றது. ரெய்னோ தலையைத் தூக்கினார். சைரன் இல்லை, பாண்டு இல்லை. அந்த நிசப்தத்தின் நடுவில் மெலிசாக ஒரு நாற்பது பேர் கத்துவது கேட்டது. காப்பர் ஃபோர்க்கிலிருந்து வந்திருந்த பெற்றோர்கள் நாற்பது பேர்தான். நாலுக்கு மூன்று. சரி, பையன்களுக்கு ஆறுதலுக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டார்.

சாவிகள் மறுபடி ஆரம்பித்தன, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதுவும் நின்றது. மறுபடி அந்த நாற்பது பேர், இந்த முறை தொண்டை கிழிய. நாலுக்கு நாலு.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கலாம். பஸ் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. நான் எழுந்தால் தோற்கிறார்கள் என்று ஒருவர் சொல்கிறார். நான் எழுந்த பிறகு கோல் போடுகிறார்கள். இப்போது நான் உள்ளே போய் உட்கார்ந்து ஏதாவது ஆகிவிட்டால்? அறுபத்தொரு வயதில், பனியில், ஒரு காலி பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து இப்படியெல்லாம் யோசிப்பதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. போகவில்லை.

கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாற்பது பேர் மூன்றாவது முறையாகக் கத்தினார்கள். பிறகு குட்டையான அந்த மணி. ஆரவாரம் வரவில்லை. கதவுகள் திறந்து லேக் டன்பார் ஜனங்கள் பேச்சில்லாமல் வெளியே வந்து, அதே சாவிகளைப் போட்டுத் தங்கள் கார்களைக் கிளப்பினார்கள்.

பையன்கள் வந்து ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது ஒன்றுதான் அன்று கணக்குத் தப்பியது. பிரிஸ்கோ கடைசியாக ஏறி, படியிலேயே நின்றார்.

"இனிமே ஏழு நிமிஷம் இருக்கிறப்ப எந்திரிச்சுடுங்க ரெய்னோ. தோக்குறோமோ ஜெயிக்கிறோமோ, டாண்ணு எந்திரிச்சுடணும்."

பத்தொன்பது வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று ரெய்னோ சொல்லவில்லை. சரி கோச் என்றார். இவருக்கு நாளைக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

வழியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். லியோ மட்டும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

"நீங்க எந்திரிச்சுப் போனீங்கல்ல, அப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. மத்தவன் சாவி ஆட்டுறான், அது அவன் ஊரு. நீங்க எங்க ஆளு. நாங்க முடிஞ்சோம்னு நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்? அதுக்கப்புறம் ஒண்ணுகூட விடக்கூடாதுன்னு நின்னேன்."

ரெய்னோ வைப்பரைப் போட்டார். அப்போது பனி பெய்யவில்லை. உங்களுக்குக் குளிரக் கூடாது என்றுதான் போனேன் என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். ஆனால் அந்தப் பையனின் கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எத்தனை பையன்கள், எத்தனை ஆட்டங்கள்.

"நீ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் லெம்பி பையோடு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி சூடாச்சா என்று கேட்கவில்லை; ரேடியோவில் கேட்டிருந்தார். "சூடாச்சு, ஆனா ஜெயிச்சுட்டாங்க" என்று ரெய்னோ சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, வலிக்கிறது என்றார்.

மறுநாள் காலை ஏழரைக்கு லெம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி அவர் கடைசியாகச் சொன்னது, இரண்டு பேரும் வந்திருந்த வீட்டு டிரக்கைப் பற்றி. இங்கேயே உட்கார்ந்து மூஞ்சியைத் தொங்கப்போட வேண்டாம், மணிக்கொரு தடவை போய் அதைக் கிளப்பி வை, இல்லாவிட்டால் உறைந்துபோய் நிற்கும் என்றார். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெய்னோ ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் டிரக்கைக் கிளப்பிவிட்டு வந்தார். பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. ஒரு நர்ஸ் வந்து, நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கிறது, இன்னும் நேரமாகும் என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ரெய்னோவுக்குக் கண்கள் எரிந்தன. முந்தைய நாள் முழுக்க ஓட்டிய முதுகு நாற்காலியில் நிற்கவில்லை. சற்றுக் கண்ணயர்ந்தார்.

சாவிகள் குலுங்கின.

அவர் எழுந்துவிட்டார். தொப்பி தலைக்கு வந்துவிட்டது, கோட் பொத்தான் போட்டாகிவிட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிவரை போய்க் கண்ணாடிக் கதவில் கை வைத்த பிறகுதான் முழுதாக விழிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார். கூட்டித் துடைக்கிற ஆள் ஒருவர் பெரிய சாவிக்கொத்தைக் குலுக்கிக் குலுக்கி அலமாரிக்கான சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தாழ்வாரம் முழுக்க அடித்தது. வெளியே பனியில் டிரக் தெரிந்தது. கிளப்பி இரண்டு மணி நேரமாகிவிட்டது. இப்போது போகாவிட்டால் அவ்வளவுதான், அது எழுந்திருக்காது.

முடிந்தது என்று நீங்களே எப்படி முடிவு பண்ணலாம்?

ரெய்னோ கதவிலிருந்து கையை எடுத்தார். வந்த வழியே திரும்பி நடந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சாவிகள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தன. அவர் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. சுவருக்கு வெளியே உட்கார்ந்து கேட்பது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை, சிறுநீர் கழிக்கக்கூட.

ஒன்றரைக்கு டாக்டர் வந்தார். முழுக்க எடுத்துவிட்டோம் என்றார். ரெய்னோ தலையாட்டினார்.

சாயங்காலம் லெம்பி கண் விழித்தபோது உதடு உலர்ந்து வெடித்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. ரெய்னோவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு, கேட்க பயந்துகொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"வண்டி சூடாச்சா?"

"இல்ல" என்றார் ரெய்னோ. "ஒன்பது மணிக்கப்புறம் நான் கெளப்பவே இல்ல."